முத்திரை குத்திய கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற மாதம் திருச்சிக் கூட்டத்தில் ‘வீடியோ கேமும் ஒரு கலைவடிவம்தான்’ என்றீர்கள். அன்றிலிருந்து அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மகன் கல்லூரியில் படிக்கிறான். இரவு இரண்டு மணி வரை அவன் அறையிலிருந்து துப்பாக்கிச் சத்தம்தான். கதையோ கவிதையோ, படைத்தவன் நம் கையைப் பிடித்து ஓரிடத்துக்குக் கூட்டிப்போகிறான். கேமில் முடிவெடுப்பது ஆடுகிறவன். அப்படியென்றால் படைப்பாளிக்கு அங்கே என்ன வேலை? வெற்றி தோல்வி உள்ள ஒன்று, சதுரங்கத்தைப் போல நல்ல ஆட்டமாக இருக்கலாம். கலையாக எப்படி இருக்கும்?

க.,
புதுக்கோட்டை

அன்புள்ள க. அவர்களுக்கு,

இதே கேள்வி எனக்கும் வெகுகாலம் இருந்தது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012இல் 14 வீடியோ கேம்களைத் தன் சேகரிப்பில் சேர்ப்பதாக அறிவித்த செய்தியைப் படித்தபோதும் மனம் மாறவில்லை. ஒன்று கலையா இல்லையா என்பதை நாமே அனுபவித்துத்தான் அறிய வேண்டும். எனக்கு அது ஒரு கேமில் நடந்தது.

‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ என்று பெயர். 2013இல் வந்தது. லூகாஸ் போப் என்ற அமெரிக்கர், ஜப்பானில் வாழ்ந்தபடி, ஏறக்குறைய தனி ஆளாக உருவாக்கியது. கதை தொடங்குவது 1982 நவம்பரில். அர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் நீங்கள் குடிநுழைவு அதிகாரி. குலுக்கலில் கிடைத்த வேலை. ஒவ்வொருவராக வந்து பாஸ்போர்ட்டை நீட்டுவார்கள். பெயர், படம், காலாவதித் தேதி, வழங்கிய ஊர் எல்லாம் பார்த்து, பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ குத்த வேண்டும். தலைக்கு 5 கிரெடிட் கூலி. மாலையில் அந்தப் பணத்தை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கணப்புக்கும் மருந்துக்கும் பங்கிட வேண்டும். வீட்டில் மனைவி, மகன், மாமியார், மாமா. ஏறக்குறைய தினமும் காலையில் புது விதி ஒன்று வரும்.

முதல் வாரத்திலேயே ஒரு கணவன் வருகிறான். தாள்கள் சரியாக இருக்கின்றன. ‘அடுத்து என் மனைவி வருகிறாள், கொஞ்சம் தயவு காட்டுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போகிறான். அவளிடம் நுழைவு அனுமதிச் சீட்டு இல்லை. திரும்பிப் போனால் கொன்றுவிடுவார்கள் என்கிறாள்.

இங்கே ஒரு விதியைச் சொல்ல வேண்டும். ஒரு நாளில் முதல் இரண்டு தவறுகளுக்கு எச்சரிக்கைச் சீட்டு மட்டும் வரும். மூன்றாவதிலிருந்து கூலியில் பிடித்தம். அதாவது நாளுக்கு இரண்டு முறை காசு செலவில்லாமல் இரக்கப்படலாம். ஆடிப் பார்த்துத்தான் இது பிடிபட்டது. நான் அந்த இரண்டையும் அன்று காலையிலேயே கவனக்குறைவால் தொலைத்திருந்தேன். ஒருவரின் பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தது, இன்னொருவருடையதில் வழங்கிய ஊர் தப்பு. அவள் வந்து நின்றபோது என்னிடம் இரக்கம் மிச்சமில்லை. வீட்டில் மகனுக்கு உடம்பு சரியில்லை, மருந்து வாங்க வேண்டும். சிவப்பு முத்திரையை இழுத்துக் குத்தினேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

சினிமாவில் இந்தக் காட்சியைப் பார்த்திருந்தால் அந்த அதிகாரியைத் திட்டியிருப்பேன். நாவலில் படித்திருந்தால் அவன் நெருக்கடி புரிந்திருக்கும். இங்கே திட்டவும் புரிந்துகொள்ளவும் வேறு ஆள் இல்லை. குத்தியது என் கை. பார்வையாளனாக எத்தனையோ முறை அழுதிருக்கிறேன். செய்தவனாக வெட்கப்பட வைத்த படைப்பு எனக்கு இது ஒன்றுதான்.

படைப்பாளிக்கு என்ன வேலை என்று கேட்டீர்கள். முடிவு என்னுடையதுதான். ஆனால் அந்த 5 கிரெடிட்டை, அந்த இரண்டு எச்சரிக்கைகளை, தாள்களைப் பரப்ப இடம் போதாத அந்தச் சின்ன மேசையை வைத்தவர் போப். மேசை இன்னும் அகலமாக இருந்திருந்தால் நான் பதறியிருக்க மாட்டேன். பதறாமல் இருந்தால் அந்த இரண்டு தவறுகள் நேர்ந்திருக்காது. கவிஞன் சொல்லைத் தேர்வதுபோல அவர் மேசையின் அளவைத் தேர்ந்திருக்கிறார். கதை முடிய 20 விதமான வழிகள் இருந்தும், எந்த வழியில் போனாலும் அந்த மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

விதிகள் பேசும் என்பது கணினிக்கும் முந்தைய விஷயம். கோடை விடுமுறையில் நம் பிள்ளைகள் ஊர்களை விலைக்கு வாங்கி வாடகை வசூலிக்கும் பிசினஸ் அட்டை ஆட்டம் தெரியுமல்லவா? அதன் மூலம், அமெரிக்காவில் லிஸி மேகி என்ற பெண் 1904இல் காப்புரிமை பெற்ற ‘நிலக்கிழார் ஆட்டம்’. நிலம் சிலர் கையில் குவிந்தால் மற்றவர்கள் எப்படி நொடிப்பார்கள் என்பதை ஆடியே உணரட்டும் என்று செய்தார். எல்லோரும் சேர்ந்து செழிக்கும் இன்னொரு விதித் தொகுப்பும் அவரிடம் இருந்தது. பின்னாளில் அது ‘மோனாபொலி’ என்ற பெயரில் சந்தைக்குப் போனபோது குவிக்கும் விதி மட்டும் தங்கியது. பலகை ஏறக்குறைய அதேதான், விதி மாறியதும் அது சொல்லும் செய்தி தலைகீழானது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடும் பரமபதத்தையும் நினைத்துப் பாருங்கள். பாம்புகள் பாவங்களைக் குறிக்கின்றன. ஆனால் அங்கே தாயக்கட்டை விழுந்தபடிதான் இறங்குகிறோம், நாம் எதையும் தேர்வதில்லை. போப்பின் சாவடியில் பாம்பின் வாய்க்குள் நாமே காலை வைக்கிறோம்.

சதுரங்கத்தை நானும் கலை என்று சொல்ல மாட்டேன். வெட்டுப்பட்ட சிப்பாய்க்கு வீடு இல்லை.

உங்கள் மகன் ஆடுவது எது என்று எழுதவில்லை. எல்லா கேமும் கலை என்று நான் சொல்லவே இல்லை. ஆடுகிறவனை எழவிடாமல் செய்வதற்கென்றே கட்டப்பட்டவை நிறைய உண்டு. காசு கொடுத்து வாங்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் திறக்கும் பரிசுப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே 2018இல் பெல்ஜியம் அறிவித்தது. சரியாகத்தான் சொன்னார்கள். அந்தக் கோபத்தில் நான் உங்கள் பக்கம். தூக்கம் கெடுவதும் சாதாரண விஷயமல்ல, அதை அவனிடம் பேசத்தான் வேண்டும்.

அதற்கு முன் ஒரு நாள் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து இந்த ஒன்றை நீங்கள் ஆடிப்பாருங்கள். மௌஸ் பிடிக்கத் தெரிந்தால் போதும். துப்பாக்கி அதிகம் வராது. அந்தக் கணவனும் மனைவியும் வந்த நாளில் எந்த முத்திரையைக் குத்தினீர்கள், அவன் எதைக் குத்தச் சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.