கதிரியக்க ஆன்டிபாடி ஊசி போட்டால் ஸ்கேன் எடுக்க ஏன் நாலைந்து நாள் காத்திருக்க வேண்டும்?

சாதாரண பெட் ஸ்கேனில் ஊசி போட்டு ஒரு மணி நேரத்தில் படம் எடுத்துவிடுகிறார்கள், ஆன்டிபாடிக்கு மட்டும் ஏன் இத்தனை நாள் என்று கேட்டிருக்கிறீர்கள். நியூக்ளியர் மெடிசினில் வேலை பார்ப்பதால் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

எல்லாம் அளவால் வருவது. பெட் ஸ்கேனில் போடும் எஃப்டிஜி சின்னச் சர்க்கரை மூலக்கூறு. ஆன்டிபாடி என்பது குறிப்பிட்ட ஓர் இலக்கைத் தேடி ஒட்டிக்கொள்ளும் புரதம், எஃப்டிஜியைவிட ஏறக்குறைய 800 மடங்கு கனமானது. சிறுநீரகத்தால் அதை வடிகட்ட முடியாது, ரத்தத்திலேயே நாள்கணக்கில் சுற்றும். முதல் நாளே படம் எடுத்தால் இதயம், பெரிய ரத்தக் குழாய்கள், கல்லீரல் எல்லாம் பளிச்சென்று தெரியும். கட்டி அந்த வெளிச்சத்தில் காணாமல் போகும். ரத்தத்தில் இருப்பது குறையக் குறைய, கட்டியில் ஒட்டிக்கொண்டது தனியாகத் தெரிய ஆரம்பிக்கும். 1978இல் கோல்டன்பெர்க் என்ற ஆய்வாளரின் குழு அயோடின்-131 ஏற்றிய ஆன்டிபாடியால் கட்டிகளைப் படம் எடுத்தபோதே, ரத்தத்தின் பங்கைக் கம்ப்யூட்டரில் கழித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

அதுவரை ஆன்டிபாடியில் ஏற்றிய கதிரியக்கப் பொருளும் (ஐசோடோப்) தாக்குப்பிடிக்க வேண்டும். ஃபுளோரின்-18இன் அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம்) 110 நிமிடம், டெக்னீசியம்-99எம் 6 மணி நேரம். இரண்டும் உதவாது. அதனால்தான் முன்பு இண்டியம்-111 (2.8 நாள்), இப்போது பெட் ஸ்கேனுக்கு சிர்கோனியம்-89 (சுமார் 78 மணி நேரம்).

காத்திருந்தால் மட்டும் போதாது, ஆன்டிபாடி சரியான இடத்தைப் பிடிக்கவும் வேண்டும். 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ப்ரோஸ்டாசிண்ட் என்ற ஆன்டிபாடி ஊசி புரோஸ்டேட் புற்றுநோய்க்கானது. நாலைந்து நாள் கழித்துப் படம். குடலில் சேரும் கதிரியக்கம் படத்தைக் கெடுக்காதிருக்க நோயாளிக்குப் பேதி மருந்து, எனிமா எல்லாம் உண்டு. இத்தனை பாடுபட்டும், அது பிடிப்பது புரோஸ்டேட் புற்றுநோய் செல்களில் மிகுந்திருக்கும் பிஎஸ்எம்ஏ புரதத்தின் செல்லுக்கு உள்ளே இருக்கும் பகுதியை. உயிருள்ள செல்லின் சவ்வைத் தாண்டி அவ்வளவு பெரிய புரதம் உள்ளே போகாது. எலும்புக்குப் பரவிய புற்றுநோயை அது சரியாகக் காட்டவில்லை. இப்போது அந்த இடத்தில், வெளிப்பகுதியைப் பிடிக்கும் காலியம்-68 பிஎஸ்எம்ஏ என்ற சின்ன மூலக்கூறு வந்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் படம்.

அப்புறம் ஆன்டிபாடி எதற்கு என்று தோன்றும். சிறுநீரகக் கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்டிஜி சிறுநீர் வழியாக வெளியேறுவதால் சிறுநீரகமே ஒளிர்ந்து கட்டியை மறைத்துவிடும். கிளியர் செல் என்ற வகைச் சிறுநீரகப் புற்றுநோயில் மிகுந்திருக்கும் சிஏ9 புரதத்தைப் பிடிக்கும் ஜிரென்டக்ஸிமாப் ஆன்டிபாடியில் சிர்கோனியம்-89 ஏற்றி, ஐந்தாம் நாள் படம் எடுத்துப் பார்த்தது சிர்கான் என்ற ஆய்வு. அந்த வகைப் புற்றுநோய் உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேரிடம் ஸ்கேன் அதைச் சரியாகக் காட்டியது. இங்கே சிறுநீரகம் வடிகட்ட முடியாத அந்தப் பெரிய உருவம்தான் கைகொடுக்கிறது: ஆன்டிபாடி பெரும்பாலும் கல்லீரல் வழியாகப் போவதால் சிறுநீரகம் மங்கலாக இருக்கும், கட்டி மட்டும் எடுப்பாகத் தெரியும்.