கடற்படை அதிகாரி கொடி நட்டால் அந்த நிலம் நாட்டுக்குச் சொந்தமாகிவிடுமா?

கொடி மட்டும் போதாது. அதிகாரி அரசின் ஆணையோடு வந்திருக்க வேண்டும். தன் விருப்பத்துக்கு நிலம் சேர்க்கும் உரிமை அவருக்குக் கிடையாது.

ராக்காலைப் பாருங்கள். ஸ்காட்லாந்துக்கு மேற்கே, வட அட்லாண்டிக் கடலில் சுமார் 17 மீட்டர் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைப் பாறை அது. குடிக்கத் தண்ணீர்கூட இல்லை. 1955 செப்டம்பர் 18 அன்று, 'விடால்' என்ற பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலின் ஹெலிகாப்டர், லெப்டினன்ட் கமாண்டர் டெஸ்மண்ட் ஸ்காட் உட்பட நால்வரைக் கயிற்றில் அங்கே இறக்கியது. ஒருவர் படையைச் சேராத இயற்கை ஆய்வாளர். கொடியை ஏற்றினார்கள், அரசியின் பெயரால் உரிமை கோரும் பித்தளைத் தகட்டைச் சிமென்ட் பூசிப் பதித்தார்கள்.

இந்தக் கல்லுக்கு ஏன் இவ்வளவு பாடு? ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவுகளில் ஏவுகணைச் சோதனைத் தளம் அமையவிருந்தது. சோவியத் ஒற்றர்கள் பாறையில் ஏறி வேவு பார்ப்பார்களோ என்ற பயம்! எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

சடங்குக்குப் பின் சட்டமும் வேண்டியிருந்தது: 1972இல் நாடாளுமன்றம் ராக்காலை ஸ்காட்லாந்தோடு இணைத்தது. ஆனால் மனிதர் வாழ முடியாத பாறைக்கு 200 கடல் மைல் பொருளாதார மண்டலம் (மீன், எண்ணெய் போன்ற வளங்களை ஒரு நாடு மட்டுமே எடுக்கும் உரிமையுள்ள கடல்பகுதி) இல்லை என்கிறது ஐ.நா. கடல் சட்டம். 1997இல் அதில் இணைந்த பிரிட்டன், பாறையை வைத்து 200 மைல் கடலைக் கோருவதைக் கைவிட்டது. அயர்லாந்தோ, பாறையின் மீதான உரிமையையே இன்றுவரை ஏற்கவில்லை.