கார்டில் கிடக்கும் படங்கள்: கொடைக்கானல் மலையிலிருந்து வந்த கேள்விகள்

கொடைக்கானலில் கல்யாணம், காதுகுத்து, தேரோட்டம் என்று படம் எடுப்பது என் தொழில். கேமராவில் இருப்பதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவது பற்றி மலை ஊர்களிலிருந்து கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பூம்பாறை: குழந்தை வேலப்பர் கோயில் தேரோட்டத்தை எடுத்தேன் அண்ணே. கேபிளைச் சொருகினால் சார்ஜ் மட்டும் ஏறுது, கம்ப்யூட்டர்ல கேமராவையே காணோம்.

கேபிள் மேல்தான் சந்தேகம் தம்பி. சார்ஜ் ஏற்ற மட்டும் செய்த கேபிளில் டேட்டா போகும் கம்பிகளே இருக்காது. கேமராவோடு வந்த கேபிளைத் தேடிப் போடுங்கள், கேமராவை ஆன் செய்து வையுங்கள். ஆனால் என்னைக் கேட்டால் கேபிளே வேண்டாம். கேமராவை அணைத்து, கார்டைக் கழற்றி, கம்ப்யூட்டரில் சொருகும் கார்டு ரீடரில் போடுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். நம் ஊர்க் குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். காப்பி பாதியில் இருக்கும்போது கேமரா அணைந்தால் தலைவலி.

மன்னவனூர்: போன மாதப் படங்கள் இருக்கிற ஃபோல்டரில் புதுசைப் போட்டால், அதே பெயரில் படம் இருக்கு, மாற்றவா என்று கேட்கிறது. என்ன சொல்ல?

மாற்றாதே என்று சொல்லுங்கள் அக்கா. மாற்றினால் பழைய படம் போயே போச்சு. கேமரா 0001-இல் தொடங்கி 9999 வரை எண் போட்டுவிட்டு மறுபடி 0001-க்கு வந்துவிடும். சில கேமராக்கள் கார்டை ஃபார்மட் செய்ததும், அதாவது முழுக்கத் துடைத்ததும், முதலிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். அதனால் ஒரே பெயரில் இரண்டு படம் வருவது சகஜம். ஒவ்வொரு முறையும் புது ஃபோல்டர் போட்டு, வருடம், மாதம், தேதி, ஊர் என்ற வரிசையில் பெயர் வையுங்கள். வருடம் முதலில் வந்தால் ஃபோல்டர்கள் தானாகவே கால வரிசையில் நிற்கும்.

பண்ணைக்காடு: 64 ஜிபி கார்டைப் போட்டதும் ஃபார்மட் செய்யச் சொல்கிறது பழைய கம்ப்யூட்டர். கேமராவில் படங்கள் நன்றாகத் தெரிகின்றன.

அந்தப் பட்டனைத் தொடவே தொடாதீர்கள். கார்டு நன்றாகத்தான் இருக்கிறது. 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் எழுதுகின்றன. விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கம்ப்யூட்டர், தனியாக ஒரு அப்டேட் போடாமல் அதைப் படிக்காது. பழைய ரீடர்களுக்கும் இந்தக் கார்டு பிடிபடாது. வேறு கம்ப்யூட்டர், புது ரீடர் என்று முயன்று பாருங்கள்.

பெருமாள்மலை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: 2006-இல் குறிஞ்சி பூத்தபோது எடுத்த படங்கள் பழைய ஒலிம்பஸ் கேமரா கார்டில் இருக்கின்றன. கார்டு எந்த ரீடரிலும் நுழையவில்லை.

சார், அது எக்ஸ்டி கார்டாக இருக்கும். ஒலிம்பஸும் ஃபியூஜிஃபிலிமும் 2002-இல் கொண்டுவந்தது. இப்போது புழங்கும் எஸ்டி கார்டுக்கான ரீடரில் நுழையாது. பல வகைக் கார்டுக்கும் துளை உள்ள பழைய ரீடர் ஏதாவது ஸ்டுடியோவில் கிடக்கலாம். கிடைக்காவிட்டால் அந்தக் கேமராவையே உயிர்ப்பித்து அதன் கேபிளைப் போட வேண்டியதுதான். இந்த ஒரு இடத்தில் நானே கேபிளுக்கு ஓட்டுப் போடுகிறேன். ஆனால் தள்ளிப்போடாதீர்கள். கார்டில் படம் என்பது நுண்ணிய மின்னூட்டம்தான். வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். 2018-இலும் பூத்தாயிற்று, அடுத்தது 2030. பேட்டரி செத்துக் கிடந்த கேமராவில் தேதி மாறியிருக்கும், ஆனால் 2006-இல் எடுத்த படத்துக்குள் பதிந்த தேதி அப்படியேதான் இருக்கும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

வில்பட்டி: கட் செய்து பேஸ்ட் போட்டேன், நடுவில் கரண்ட் போச்சு. பாதிப் படங்கள் இரண்டு பக்கமும் இல்லை.

மழைக்காலத்தில் இந்தக் கதை அடிக்கடி வருகிறது. முதல் வேலை, அந்தக் கார்டில் இனி ஒரு படமும் எடுக்காதீர்கள். அழிந்ததாகக் காட்டினாலும் மேலே வேறொன்று எழுதும்வரை படம் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் தேடுங்கள். கிடைப்பதைக் கார்டிலேயே சேமிக்காமல் கம்ப்யூட்டரில் சேமியுங்கள். பழைய பெயர்கள் திரும்பி வராது, படம் வரும். இனிமேல் கட் வேண்டாம், காப்பி மட்டும்.

செண்பகனூர்: ராத்திரி வெளியே எடுத்துவிட்டு அடுப்படிக்குள் வந்தால் கேமரா முழுக்க ஈரம். கார்டை உடனே எடுக்கலாமா?

வேண்டாம். வெளியே இருக்கும்போதே கேமராவை ஜிப் பையில் போட்டு மூடுங்கள். உள்ளே வந்தபின் வீட்டுச் சூட்டுக்கு வரும்வரை திறக்காதீர்கள். ஈரம் பையின் மேலேயே நின்றுவிடும்.

நாயுடுபுரம்: காப்பி ஆனதும் கார்டைக் காலி செய்வது எங்கே, கம்ப்யூட்டரிலா கேமராவிலா?

கேமராவில், அதன் ஃபார்மட் மெனுவில். அதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் நாலைந்து படங்களைப் பெரிதாகத் திறந்து பாருங்கள், வெளி ஹார்டு டிஸ்க்கில் இன்னொரு காப்பி போடுங்கள். இரண்டும் முடியாமல் நான் எந்தக் கார்டையும் காலி செய்வதில்லை, கல்யாண வீட்டுக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.

அதே நாயுடுபுரம்: மதுரைச் சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மங்கலாகப் போகிறதே?

படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள், சுருங்காது.