டைரக்ட் செகண்ட் இயரா, ப்ளஸ் ஒன்னா?

அன்புள்ள ஐயா,

சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரர் அச்சகத்தில் பைண்டிங் வேலை. மகன் இந்த வருஷம் பத்தாவது முடித்தான். 500க்கு 421, கணக்கில் 84. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படிக்கிறான். நாங்கள் இரண்டு பேருமே பத்தாவதைத் தாண்டாதவர்கள்.

என் தம்பி பாலிடெக்னிக் முடித்து, டைரக்ட் செகண்ட் இயரில் பி.இ. சேர்ந்து, இன்று ஓசூரில் நல்ல வேலையில் இருக்கிறான். "அக்கா, ப்ளஸ் டூ எல்லாம் வேண்டாம். டிப்ளமோவில் போடு. ஒரு வருஷம் மிச்சம், பெரிய காலேஜில் சீட்டும் சுலபமாகக் கிடைக்கும்" என்கிறான். பள்ளியில் வகுப்பாசிரியர் ப்ளஸ் ஒன்னில் சேர்க்கச் சொல்கிறார். மகனைக் கேட்டால், "நீங்க சொல்ற மாதிரி" என்கிறான். இந்த வாரத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். எந்த வழி நல்லது? என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

வாரக் கெடு இருப்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ப்ளஸ் ஒன்னில் சேருங்கள். கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் உள்ள பிரிவு கிடைத்தால் அதையே எடுங்கள். பாலிடெக்னிக்கை மட்டமாக நினைத்து இதைச் சொல்லவில்லை. இந்தத் தமிழ்நாட்டின் பட்டறைகளையும் மில்களையும் நடத்திக்காட்டியவர்களில் பெரும்பகுதி டிப்ளமோக்காரர்கள்தான். உங்கள் மகனுக்கு, இன்றைய நிலையில், எது அதிக வழிகளைத் திறந்து வைக்கிறது என்பதைப் பார்த்துச் சொல்கிறேன்.

தம்பி சொன்ன "ஒரு வருஷம் மிச்சம்" சரியான கணக்கு இல்லை. டிப்ளமோ மூன்று வருஷம், அப்புறம் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்து மூன்று வருஷம். ஆக ஆறு. ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ இரண்டு, பி.இ. நான்கு. அதுவும் ஆறு. கல்லூரியில் ஒரு வருஷம் குறைகிறது, பாலிடெக்னிக்கில் ஒரு வருஷம் கூடுகிறது, அவ்வளவுதான்.

பெரிய காலேஜில் சீட் சுலபம் என்பதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். டைரக்ட் செகண்ட் இயரில் சேர்வதைத்தான் லேட்டரல் என்ட்ரி என்கிறார்கள். அதற்கு இரண்டு வகையில் இடம் வருகிறது. வகுப்பின் அனுமதிக்கப்பட்ட இடங்களுக்கு மேல் 10 சதவீதம் ஒன்று. முதலாண்டில் நிரம்பாமல் போன இடங்கள் இன்னொன்று. கோவை ஜி.சி.டி., காரைக்குடி அழகப்பா மாதிரி எல்லோரும் கேட்கும் அரசுக் கல்லூரிகளில் முதலாண்டு இடம் பெரிதாகக் காலியாக இருக்காது. அப்படியானால் 60 பேர் வகுப்பில் மிஞ்சுவது ஆறு இடம். அந்த ஆறும் இட ஒதுக்கீட்டின்படி பிரிந்துவிட்டால் உங்கள் பிரிவுக்கு ஒன்றோ இரண்டோ. மாநிலம் முழுக்க டிப்ளமோவில் நல்ல சதவீதம் எடுத்த பிள்ளைகள் அதற்குத்தான் நிற்பார்கள். இடம் தாராளமாகக் கிடைக்கும் கல்லூரிகளும் உண்டு. முதலாண்டில் பிள்ளைகள் சேராததால்தான் அங்கே இடம் மிச்சம். ரிசல்ட் வந்ததும் போன் செய்கிற ஏஜென்ட் உங்களுக்குக் காட்டப்போவது பெரும்பாலும் அந்தக் கல்லூரிகளைத்தான். தயவுசெய்து அவர்களிடம் முன்பணம் எதுவும் கட்டிவிடாதீர்கள்.

அப்புறம் எம்3 என்கிற மூன்றாவது கணக்குத் தாள். உங்கள் தம்பிக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரிந்திருக்கும். டைரக்ட் செகண்ட் இயரில் வருகிறவர்கள் நேரே மூன்றாம் செமஸ்டரில் உட்காருகிறார்கள். பல துறைகளில் அங்கே பொறியியல் கணக்கின் அடுத்த பகுதி காத்திருக்கிறது. மற்றவர்கள் ப்ளஸ் டூ கணக்கும், முதலாண்டின் இரண்டு கணக்குத் தாள்களும் முடித்துவிட்டு வந்திருப்பார்கள். பட்டறையில் டிப்ளமோ பிள்ளைகளை யாரும் மிஞ்ச முடியாது. வகுப்பறையில் அந்த ஒரு தாளிலேயே அரியர் விழுந்து, மனம் விட்டுப்போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தாண்டிப் போனவர்களும் உண்டு, உங்கள் தம்பி மாதிரி. அவரிடம் சீட் வாங்கிய கதையைக் கேட்டாயிற்று. அந்த ஒரு வருஷத்தை எப்படிச் சமாளித்தார் என்பதையும் கேளுங்கள்.

இனி, முடிவை எனக்குத் தெளிவாக்கிய விஷயம். ப்ளஸ் டூ முடித்த பிறகும் பாலிடெக்னிக் போகலாம். கணக்கு, இயற்பியல், வேதியியல் படித்த பிள்ளை டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்து இரண்டே வருஷத்தில் முடித்துவிடலாம். அதிலிருந்து லேட்டரல் என்ட்ரியும் போகலாம். கூடுதலாக ஆவது ஒரு வருஷம்தான். ஆனால் பத்தாவதோடு டிப்ளமோ போய்விட்டு, இரண்டு வருஷம் கழித்து "எனக்கு நர்சிங் பிடிக்கிறது", "விவசாயம் படிக்கிறேன்", "டாக்டருக்கு முயற்சி பண்ணுகிறேன்" என்று அவன் சொன்னால், திரும்பி வந்து ப்ளஸ் ஒன்னிலிருந்து தொடங்க வேண்டும். பதினைந்து வயதுப் பையனுக்குத் தன் மனசு இன்னும் பிடிபடவில்லை என்பதில் தப்பே இல்லை. அவனுக்கு இரண்டு வருஷம் அவகாசம் கொடுக்க உங்களால் முடியும். கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள். 2021இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டப்படி, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் 7.5 சதவீத இடம் தனியாக உண்டு. மருத்துவத்துக்கு அதற்கு முந்தைய வருஷமே வந்துவிட்டது. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்கிற பிள்ளைகளின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குப் போடும் கட்-ஆஃப், இந்த ஒதுக்கீட்டில் பொதுவாகக் கொஞ்சம் இறங்கித்தான் நிற்கும். பைண்டிங் வேலை பார்க்கும் ஒருவரின் மகன் விடுதிச் செலவுக்குக் கூடக் கடன் வாங்காமல் ஒரு நல்ல கல்லூரியில் நான்கு வருஷம் படிக்க முடியும். ஐந்து வருஷம் அரசுப் பள்ளியில் படித்து அவன் சம்பாதித்த உரிமை இது. ப்ளஸ் ஒன்னில் சேராமல் வெளியே வந்தால் அது போய்விடும். எனக்கு அதுதான் மனசு கேட்கவில்லை.

ப்ளஸ் டூ கணக்கு பத்தாவது கணக்கு மாதிரி இருக்காது என்பதையும் மறைக்கக் கூடாது. 84 எடுத்தவன் முதல் மாதத் தேர்வில் 40 எடுத்துவிட்டு வந்து நிற்பான். அப்போது "மாமா சொன்னதைக் கேட்டிருக்கலாம்" என்று வீட்டில் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் சொன்னதையெல்லாம் புரட்டிப் போடக்கூடிய ஆள் ஒருவர் உண்டு. உங்கள் மகன். "நீங்க சொல்ற மாதிரி" என்பது பெரும்பாலும் எதையும் நேரில் பார்க்காத பிள்ளையின் பதில். இந்த வாரத்திலேயே பக்கத்துப் பாலிடெக்னிக் ஒன்றுக்கு அவனை அழைத்துப் போய், ஒர்க் ஷாப்பைக் காட்டச் சொல்லுங்கள். ஃபிட்டிங், வெல்டிங், லேத் எல்லாவற்றையும் பார்க்கட்டும். அப்பாவின் அச்சகத்திலும் அரை நாள் மெஷின் பக்கத்தில் நிற்கட்டும். அங்கே அவன் தானாகக் கேள்வி கேட்கத் தொடங்கி, வீட்டுக்கு வந்தும் அதையே பேசிக்கொண்டிருந்தால், டிப்ளமோவில் சேருங்கள். அப்போது அது அவனே விரும்பிக் கற்கிற தொழில். பி.இ. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவனுக்கு அது கைகொடுக்கும். அதே போல, வீட்டில் மூன்று வருஷத்துக்குள் ஒரு சம்பளம் வந்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடி இருந்தாலும் டிப்ளமோதான் சரி. கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. இருந்தால் கூச்சப்படாமல் மகனிடமே சொல்லிவிடுங்கள். அந்த வயதில் அவனுக்குப் புரியும்.

ஒன்றை உடனே சரிபார்த்துவிடுங்கள். உங்கள் மாவட்டத்தில் உறவின்முறைகள் என்கிற சமுதாயச் சங்கங்கள் நடத்தும் பழைய பள்ளிகள் அதிகம். அவற்றில் பல அரசு உதவி பெறும் பள்ளிகள். ஆசிரியருக்கு அரசுதான் சம்பளம் கொடுக்கிறது என்பதால் ஊரில் அதையும் அரசுப் பள்ளி என்றே சொல்வார்கள். 7.5 சதவீதத்துக்கு அது செல்லாது. தலைமையாசிரியரிடம் நேரில் கேளுங்கள். ப்ளஸ் ஒன்னுக்கு வேறு பள்ளி மாற்றுவதாக இருந்தால் அந்தப் பள்ளியைப் பற்றியும் கேட்டுவிட்டே சேருங்கள். இப்போதைய பள்ளி உதவி பெறும் பள்ளிதான் என்று தெரிந்தால், நான் சொன்ன பெரிய காரணம் விழுந்துவிடும். ஆனாலும் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை இருக்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அது கிடையாது. தலைமையாசிரியர் சொல்வதை எனக்கு எழுதுங்கள், உடனே பதில் போடுகிறேன்.