சட்டம் கேளுங்கள்: ரிஃபைனரி வெடிப்பும் ‘அவர் எங்க ஆள் இல்லை’ என்ற பதிலும்

போன இதழில் தொழிற்சாலை விபத்து பற்றி இரண்டு வரி எழுதினேன், அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எண்ணெய், கேஸ் சம்பந்தப்பட்ட இடங்களில் வேலை பார்த்து அடிபட்டவர்களின் வீட்டிலிருந்து வந்தவை. பெயர், கம்பெனி எதுவும் போடவில்லை. நான்கு கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் தம்பிக்கு வயது 32, வெல்டர். வடசென்னைப் பக்கம் ஒரு ரிஃபைனரியில் ஷட்டவுன் வேலைக்கு (ஆலையை நிறுத்திவைத்துச் செய்யும் பராமரிப்பு) போனான். 2025 ஜூனில் ஒரு பைப்லைனில் வெல்டிங் அடிக்கும்போது உள்ளே மிச்சமிருந்த கேஸ் பிடித்து வெடித்துவிட்டது. முகம், கழுத்து, இரண்டு கை எல்லாம் வெந்து இரண்டு மாதம் தீக்காய வார்டில் கிடந்தான். வலது கை விரல்கள் இன்னும் மடங்கவில்லை. தினக்கூலி 900 ரூபாய். இரண்டு லட்சம் தருகிறேன், ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துப் போடு என்கிறார் கான்ட்ராக்டர். கம்பெனியில் கேட்டால் ‘அவர் எங்க ஆள் இல்லை’ என்கிறார்கள். – ஓர் அண்ணன், திருவொற்றியூர்

முதலில் அந்த ஸ்டாம்ப் பேப்பரைத் தொடாதீர்கள். ஒருவேளை இதைப் படிப்பதற்குள் தம்பி கையெழுத்துப் போட்டிருந்தாலும் பதற வேண்டாம். ‘எனக்கு இனி எந்த இழப்பீடும் வேண்டாம்’ என்று தொழிலாளி எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1923-ம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் 17-வது பிரிவே சொல்கிறது. மொத்தமாக ஒரு தொகை பேசி முடிப்பதென்றால் அதைத் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை குறைவு, ஏமாற்று வேலை என்று பட்டால் அவர் பதிய மறுக்கலாம். டீக்கடையில் வைத்து எழுதிய பத்திரத்துக்கு அந்த மதிப்பு கிடையாது.

அடுத்து ‘எங்க ஆள் இல்லை’. எனக்கு வருகிற ஒப்பந்தத் தொழிலாளர் வழக்குகள் எல்லாவற்றிலும் இந்த ஒரே வசனம்தான். அதே சட்டத்தின் 12-வது பிரிவு இதற்காகவே எழுதப்பட்டது. தன் தொழிலின் வழக்கமான பகுதியாக உள்ள ஒரு வேலையை ஒரு நிறுவனம் கான்ட்ராக்டரிடம் விட்டால், அதில் அடிபடும் ஆளுக்கு நேரடி ஊழியருக்குப் போலவே அந்த நிறுவனம் பணம் கொடுத்தாக வேண்டும். கொடுத்துவிட்டு கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும், அது அவர்கள் பாடு. விபத்து அந்த நிறுவனத்தின் வளாகத்தில், அல்லது அதன் கட்டுப்பாட்டில் உள்ள இடத்தில் நடந்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ரிஃபைனரிக்குள் பைப்லைன் பராமரிப்பு ரிஃபைனரியின் வேலை இல்லையென்றால் வேறு யாருடைய வேலை?

இதை நிரூபிக்க நீங்கள் எங்கும் அலைய வேண்டியதில்லை, காகிதம் அவர்களிடமே இருக்கிறது. தம்பியைக் கேளுங்கள், சொல்வார். காலையில் கேட் பாஸ் காட்டி உள்ளே போனதும் வேலை தொடங்கிவிட முடியாது. ஹாட் வொர்க் பர்மிட், அதாவது நெருப்பு சம்பந்தப்பட்ட வேலைக்கான எழுத்து அனுமதி வர வேண்டும். ஒருவர் மீட்டரோடு வந்து கேஸ் இருக்கிறதா என்று பார்த்து அளவைக் குறித்துக் கையெழுத்துப் போடுவார், அப்புறம்தான் வெல்டிங் ராடைக் கையில் எடுக்கலாம். அந்த பர்மிட்டை வழங்குவது கம்பெனியின் அதிகாரி, வாங்கிக்கொள்வது கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர். ஆக, ‘எங்க ஆள் இல்லை’ என்று சொல்கிறவர்களே அன்று காலை ‘இந்த லைனில் கேஸ் இல்லை, நெருப்பு வைக்கலாம்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த பர்மிட் நகல், கேட் என்ட்ரி பதிவு, வருகைப் பதிவு மூன்றையும் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி ஆணையரிடம் மனு போடுங்கள். கூட வேலை பார்த்தவர்கள் யாராவது செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தால் இன்றே வாங்கி வையுங்கள். ஷட்டவுன் முடிந்தால் ஆட்கள் பாரதீப், ஜாம்நகர் என்று கலைந்து போய்விடுவார்கள், அப்புறம் பிடிக்க முடியாது.

சரி, எவ்வளவு வரும்? நாளுக்கு 900 என்றால் 26 நாளுக்கு 23,400. ஆனால் இந்தச் சட்டக் கணக்கில் மாதச் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் 15,000-க்கு மேல் எடுக்க மாட்டார்கள் (2020 ஜனவரிக்கு முன் இந்த உச்சவரம்பு வெறும் 8,000). நிரந்தர முழு ஊனத்துக்கு அதில் 60 சதவீதம், அதாவது 9,000. அதை வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். 32 வயதுக்கு 203.85. ஆக 18,34,650 ரூபாய். பகுதி ஊனம் என்றால் சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போனதோ அத்தனை சதவீதம்: 40 என்று டாக்டர் எழுதினால் 7,33,860. இரண்டு லட்சம் எங்கே நிற்கிறது பாருங்கள். இது போக, மருத்துவத்துக்கு உண்மையில் ஆன செலவு முழுவதும் தனி. வேலைக்குப் போக முடியாமல் கிடந்த காலத்துக்கு அரை மாதத்துக்கு ஒரு முறை மாதச் சம்பளத்தில் 25 சதவீதமும் உண்டு.

சண்டை நடப்பது இந்தச் சதவீதத்தில்தான். சட்டத்தின் அட்டவணையில் விரல் போனால் இவ்வளவு, கண் போனால் இவ்வளவு என்று இருக்கிறது. தீக்காயத் தழும்பால் மடங்காமல் போன விரலுக்கு அதில் எண் இல்லை, மருத்துவர் மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். (முகம் மிகக் கடுமையாகச் சிதைந்தாலும், காது முழுதும் கேட்காமல் போனாலும் அட்டவணையிலேயே 100 சதவீதம். வெடிப்பில் சிக்கிய பலருக்கு இது தெரியாது. காதைச் சோதிக்கவே மாட்டார்கள், உடனே சோதித்துவிடுங்கள்.) இங்கே கவனிக்க வேண்டியது, உடலில் எத்தனை சதவீதம் ஊனம் என்பது வேறு, அவருடைய தொழிலில் எத்தனை சதவீதம் சம்பாத்தியம் போச்சு என்பது வேறு. 1976-ல் பிரதாப் நாராயண் சிங் தியோ வழக்கில், இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த ஒரு தச்சரைப் பற்றி உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: ஒரு கையை வைத்துக்கொண்டு தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அவருக்கு 100 சதவீத இழப்பு. வெல்டிங் ராடு மாட்டும் ஹோல்டரைப் பிடிக்க முடியாத வெல்டருக்கும் இதே வாதத்தை வைக்கச் சொல்லுங்கள். இழப்பீடு விபத்து நடந்த நாளிலேயே கொடுக்க வேண்டியதாகிவிடுகிறது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி, தகுந்த காரணம் இல்லையென்றால் அதற்கு மேல் இழப்பீட்டுத் தொகையில் பாதி வரை அபராதமும் உண்டு. வழக்கை இழுத்தடிக்கிறார்களே என்று வருத்தப்படுகிறவர்கள் இந்த வட்டியையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு குறுக்குக் கேள்வி: சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்திருக்கிறார்களா? 21,000-க்கு மேல் சம்பளம் என்றால் பொதுவாக இ.எஸ்.ஐ. வராது. ஆனால் கையில் 23,000 கொடுத்துவிட்டுக் காகிதத்தில் 14,000 காட்டும் கான்ட்ராக்டர்கள் நிறைய. இ.எஸ்.ஐ. இருந்தால் இந்த வழி மூடிவிடும், முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்க முடியாது. பதிலுக்கு, சிகிச்சைக் காலத்தில் சம்பளத்தில் 90 சதவீத அளவுக்கு உதவித்தொகையும், நிரந்தர ஊனம் என்றால் ஆயுள் முழுக்க மாதாமாதம் பணமும் வரும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விபத்து என்றாலும் வரும். மோசம் என்று சொல்ல மாட்டேன், இளம் வயதுக்காரருக்கு அதுவே லாபமாகவும் இருக்கலாம்.

இன்னொரு பாதை சிவில் நீதிமன்றம். டெல்லியில் 1985-ல் ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் வாயு கசிந்த வழக்கில், ஆபத்தான தொழிலை நடத்துகிறவர் ‘நான் கவனமாகத்தான் இருந்தேன்’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது, சுற்றி வசிக்கிறவர்களுக்கு மட்டுமல்ல, உள்ளே வேலை செய்கிறவர்களுக்கும் முழுப் பொறுப்பு அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் 1986 டிசம்பரில் தீர்ப்பு சொன்னது. அங்கே 15,000 உச்சவரம்பு கிடையாது. ஆனால் வருஷக் கணக்கில் இழுக்கும், அதோடு இரட்டைக் குதிரை சவாரியும் கிடையாது. ஆணையரிடம் மனு போட்டுவிட்டு அதே காயத்துக்குச் சிவில் வழக்கும் போட முடியாது. கையில் பணம் இல்லாத குடும்பத்துக்கு நான் ஆணையரிடம்தான் போகச் சொல்வேன். இரண்டு வருஷத்துக்குள், அதாவது தம்பி விஷயத்தில் 2027 ஜூனுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். விபத்து நடந்த ஊரில்தான் என்றில்லை, நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான ஆணையரிடமும் போடலாம்.

2025 நவம்பர் 21-ல் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அமலுக்கு வந்துவிட்டதே என்று சிலர் கேட்பார்கள். தம்பியின் விபத்து அதற்கு முன் நடந்தது, பழைய சட்டக் கணக்குதான். அதற்குப் பின் நடந்தவற்றுக்குப் பிரிவு எண்கள் மாறும், மரணத்துக்கு 50, நிரந்தர முழு ஊனத்துக்கு 60 சதவீதம் என்ற கணக்கு அப்படியே இருக்கிறது.

கேள்வி: வக்கீல் சார், என் கணவர் 2024 கடைசியில் ஒரு எண்ணெய்த் தொட்டி சுத்தம் செய்யும்போது வெடித்து இறந்துவிட்டார். ‘பர்மிட் வாங்காமல் அவராகவே உள்ளே இறங்கினார், அதனால் ஒன்றும் கிடைக்காது’ என்று சொல்லி, கையில் மூன்று லட்சம் கொடுத்தார்கள். – ஒரு சகோதரி, எண்ணூர்

அம்மா, அது பொய். வேண்டுமென்றே விதியை மீறினார், குடித்திருந்தார், பாதுகாப்புச் சாதனத்தைக் கழற்றினார் என்ற சாக்குகள் எல்லாம் சின்ன, நடுத்தரக் காயங்களுக்கு மட்டும்தான். மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் அவை பொருந்தாது என்று சட்டமே எழுதியிருக்கிறது. அவர் தவறு செய்தார் என்றே வைத்துக்கொண்டாலும் உங்களுக்குப் பணம் உண்டு.

இன்னொன்று, மரண இழப்பீட்டை முதலாளி உங்கள் கையில் கொடுக்கக் கூடாது, ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். நேரடியாகக் கொடுத்த பணம் இழப்பீட்டில் சேராது, முன்பணம் என்று மூன்று மாதச் சம்பளம் வரைக்கும்தான் விலக்கு. ஆகவே ‘ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்’ என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள். இறப்பு நடந்த 7 நாளுக்குள் முதலாளி ஆணையருக்கு அறிக்கை அனுப்பியிருக்க வேண்டும், அனுப்பினாரா என்று அங்கேயே போய்க் கேளுங்கள். உங்களுக்கும் இரண்டு வருஷக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. தாண்டியிருந்தாலும் தகுந்த காரணம் சொன்னால் ஆணையர் ஏற்கலாம், ஆனால் அந்த நம்பிக்கையில் இன்னொரு மாதம் சும்மா இருக்காதீர்கள். எஃப்.ஐ.ஆர்., போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, வாரிசுச் சான்றிதழ் மூன்றையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

கேள்வி: நான் பெட்ரோல் டெர்மினல் மதில் ஓரம் டிபன் கடை வைத்திருப்பவன், அங்கே வேலை செய்பவன் இல்லை. வெடித்தால் எனக்கு யார் பொறுப்பு? – தண்டையார்பேட்டை வாசகர்

2023 டிசம்பர் 27-ம் தேதி உங்கள் ஊர் ஐ.ஓ.சி. முனையத்தில் எத்தனால் தொட்டி வெடித்து ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் இறந்ததைப் பார்த்த பிறகு இப்படிக் கேட்பதில் தப்பே இல்லை. ஜெய்ப்பூர் சீதாபுராவில் 2009 அக்டோபர் 29-ம் தேதி எண்ணெய்க் கிடங்கில் பெட்ரோல் கசிந்து, ஆவியாகிப் பரவி, ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்து வெடித்தது. இறந்த 11 பேரில் 6 பேர் நிறுவனத்தின் ஆட்கள், 5 பேர் வெளி ஆட்கள். வெடித்தது ஒன்றுதான், சட்டம் மட்டும் மதிலுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. வெளியே இருப்பவருக்கு 1991-ன் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. யார் மேல் தப்பு என்று நிரூபிக்க வேண்டாம், ஐந்து வருஷத்துக்குள் கலெக்டரிடம் மனு கொடுத்தால் போதும். அதில் கிடைப்பது உடனடி நிவாரணம் மட்டுமே. முழு இழப்பீட்டுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் போகலாம், அங்கேயும் ஐந்து வருஷம். கடைக்கான லைசென்ஸ், வாடகை ரசீது ஏதாவது இருந்தால் வீட்டில் வையுங்கள், கடையிலேயே வைத்தால் அதுவும் சேர்ந்து எரியும்.

கேள்வி: கணவர் அபுதாபி பக்கம் ஒரு எண்ணெய் சைட்டில் ஹெல்பர். கேஸ் லைன் வெடித்து வலது கால் போய்விட்டது. கம்பெனி டிக்கெட் போட்டு அனுப்புகிறேன் என்கிறது. வரச் சொல்லலாமா? – ஒரு வாசகி, ராமநாதபுரம்

கொஞ்சம் பொறுங்கள். அமீரகச் சட்டப்படி, வேலையில் அடிபட்டவருக்குச் சிகிச்சைச் செலவு முதலாளியுடையது. ஆறு மாதம் வரை முழுச் சம்பளம், அதற்கு மேல் ஆறு மாதம் பாதி. மரணம் அல்லது நிரந்தர முழு ஊனத்துக்கு 24 மாத அடிப்படைச் சம்பளம், 18,000 திர்ஹத்துக்குக் குறையாமல், 2 லட்சம் திர்ஹத்துக்கு மிகாமல். பகுதி ஊனத்துக்கு, ஊனத்தின் அளவைப் பொறுத்து அதில் இத்தனை சதவீதம் என்று கணக்கு. எல்லாம் ‘பேஸிக்’கை வைத்துத்தான். கையில் 1,800 வாங்கினாலும் ஒப்பந்தத்தில் பேஸிக் 900 என்றிருந்தால் கணக்கு 900-க்கே. அதனால் ஒப்பந்த நகலை முதலில் கையில் எடுக்கச் சொல்லுங்கள். ஊனத்தின் அளவை அங்கே மருத்துவர்கள் எழுதிக் கொடுக்காமல் விமானம் ஏறினால், இங்கிருந்து அந்தச் சான்றை வாங்குவதற்குள் உயிர் போய்விடும். வந்தே ஆக வேண்டிய நிலை என்றால், கிளம்புவதற்கு முன் அங்குள்ள நம்பிக்கையான ஒருவருக்கோ வக்கீலுக்கோ அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வரட்டும்.

இங்கே ஒரு பணமும் இருக்கலாம். கணவர் பத்தாவது முடிக்காதவர், பாஸ்போர்ட் ஈ.சி.ஆர். வகை (வேலைக்கு வெளிநாடு போக அரசின் குடியேற்ற அனுமதி தேவைப்படுவது) என்றால், போகும்போது பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு எடுத்திருப்பார்கள், அது கட்டாயம். இரண்டு வருஷத்துக்குப் பிரீமியம் வெறும் 275 ரூபாய், விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் வரை. ஏஜென்ட் கொடுத்த காகிதக் கட்டில் ஒற்றைத் தாளாகக் கிடக்கும். பீரோவைத் தேடுங்கள், இல்லையென்றால் ஏஜென்டிடம் பாலிசி எண்ணைக் கேளுங்கள். அவர் மழுப்பினால் சென்னையில் உள்ள அயலகத் தமிழர் நல ஆணையரகத்துக்கு ஒரு மனு எழுதி, அதன் நகலை ஏஜென்டுக்கும் அனுப்பிவிடுங்கள்.