லயத்தை இடிக்கச் சொன்ன டீச்சர் மாடியை இடிக்காதே என்பது ஏன்?

அன்புள்ள டீச்சருக்கு,

மெல்பேர்ன் நகரத்து அரசாங்க மாடி வீடுகளை இடிக்கக் கூடாது என்று நீங்கள் எழுதியதை வாசித்தேன். எனக்குக் குழப்பமாக இருக்கிறது. நாம் வரிசைக் காம்பராக்களில் ஒட்டி வாழும் இந்தத் தேயிலைத் தோட்டத்து லயம் உடைந்தால்தான் நமக்கு விடிவு என்று வகுப்பில் சொல்லித் தந்தது நீங்கள்தான். அங்கேயும் அரசாங்கம், கட்டடம் பழசாகிவிட்டது, இடித்துவிட்டுக் கூடுதலாகக் கட்டுகிறோம் என்றுதானே சொல்கிறது? நமக்கு ஒரு நியாயம், அவர்களுக்கு ஒரு நியாயமா? இன்னொன்று. எங்கள் தோட்டத்தில் மூன்று லயத்தை உடைத்து நான்கு மாடியில் வீடு கட்டித் தரப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. மிச்சக் காணியில் வெளியார் முதலீடு வருமாம். ஒரு கடிதாசியில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?

எஸ்., தலவாக்கலைப் பக்கம்

அன்புள்ள தம்பி,

லயத்தை உடைக்க வேண்டும் என்று சொன்னேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் பிறந்து, அதற்குள்ளேயே படித்து வந்தவள் நான். இரண்டு காம்பராவுக்கு நடுவில் உள்ள சுவர் கூரையைத் தொடாது. பக்கத்து வீட்டு அப்பாயி இருமினால் நாங்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வோம். எங்கள் வீட்டில் அடுப்புப் புகைந்தால் அவர்கள் கண்ணைக் கசக்குவார்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் ஆட்களோடு மண்ணுக்குள் போனதை நீயும் மறந்திருக்க மாட்டாய். அந்த மலை சரியும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். போவதற்குத்தான் இடமில்லை. அப்படிப்பட்ட லயங்களைக் காப்பாற்றச் சொல்லி நான் ஒரு வரியும் எழுத மாட்டேன்.

ஆனால் எங்கள் லயம் உடைந்த கதையை வகுப்பில் நான் சொன்னதில்லை. அப்போது சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன்.

அப்பா வேலையிலிருந்து நின்றபோது கிடைத்த சேவைக்காலப் பணத்தில் இஸ்தோப்பை, அதாவது முன் திண்ணையை, அடைத்து, பின்பக்கம் ஒரு குசினி இழுத்தார். பதினான்கு தகரம் ஹட்டனில் வாங்கி, லொறியில் ஏற்றி, ரோட்டிலிருந்து தலையில் சுமந்து வந்து சேர்த்தார். லயத்தைக் கழற்ற வந்த அன்று ஒருவர் கொப்பியும் பேனையுமாக நின்று தகரங்களை எண்ணி, எல்லாவற்றையும் தோட்டத்துச் சாமான் என்று எழுதிக்கொண்டார். அப்பா ரசீதை எடுத்துக் காட்டினார். அந்த ஆள் அதை வாங்கி வாசித்தார், மடித்தார், திருப்பிக் கொடுத்தார், அடுத்த காம்பராவுக்குப் போய்விட்டார். அந்த ரசீது அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இன்னும் இருக்கிறது.

புது வீடு கிடைத்தது. நல்ல வீடுதான், அதை மறைக்க மாட்டேன். அம்மா முதல் முறையாகக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினாள். ஆனால் ஏழு பேர்ச் காணி கொடுத்தது மேலே, சரிவில். லயம் நின்ற ரோட்டோரச் சமநிலத்துக்கு வேலி வந்தது, அப்புறம் கேட் வந்தது. இப்போது அங்கே உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதி. எங்கள் மாடசாமி கல் வேலிக்கு உள்ளே மாட்டிக்கொண்டது. வருஷத்துக்கு ஒருமுறை பொங்கல் வைக்க வோச்சரிடம் கேட்டுத்தான் உள்ளே போகிறார்கள். அந்த நாளில் நாங்கள் எல்லோரும் கேட்டது, எப்போது உடைப்பீர்கள் என்ற ஒன்றைத்தான். உடைத்த பிறகு இந்த மண் யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. படித்த பிள்ளை நான், நானும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியை மெல்பேர்ன்காரர்கள் முதல் நாளே கேட்கிறார்கள். அதனால்தான் அவர்கள் பக்கம் நின்று எழுதினேன்.

அந்தக் கட்டுரையை வாசிக்காதவர்களுக்காக விஷயத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் கட்டிய 44 உயர்ந்த மாடிக் கட்டடங்கள், அவற்றில் சுமார் 10,000 பேர். இவை எல்லாவற்றையும் 2051க்குள் இடித்து மீளக் கட்டுவோம் என்று விக்டோரியா மாநில அரசாங்கம் 2023 செப்டம்பரில் அறிவித்தது. அதே காணிகளில் 30,000 பேர் குடியிருப்பார்கள் என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? ஆனால் ஏழைகளுக்கான வீடு கூடுவது 10 சதவீத அளவில்தான். மிச்சத்தில் பெரும்பங்கு காசுள்ளவர்களுக்குப் போகும். அந்த மாநிலத்தில் அரசாங்க வீட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்கள் 50,000க்கும் மேல். நகரத்தின் நடுவில், டிராம் ஓடும் ரோட்டுப் பக்கத்தில், பொதுச் சொத்தாக மிச்சமிருக்கும் காணி அது. ஒருமுறை கை மாறினால் திரும்பி வராது.

அந்த மாடிகளே பழைய வீடுகளை இடித்த இடத்தில்தான் எழும்பின. அது சேரி, இடித்தால் உங்களுக்கு நல்லது என்று அப்போதும் சொன்னார்கள்.

2019இல் தங்கச்சி மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் அங்கே தாதி. ஒருநாள், தான் பார்த்துவரும் ஓர் எரித்திரிய அம்மாவின் வீட்டுக்கு என்னையும் அழைத்துப் போனாள். லிஃப்டுக்குள் சாமான் வண்டியோடு ஒரு வியட்நாமிய ஆச்சி நின்றார். நாங்கள் எதுவும் சொல்வதற்கு முன்பே பதினான்கை அழுத்தினார். இந்தப் பிள்ளை எந்த வீட்டுக்கு வருகிறது என்று அவருக்குத் தெரியும். எரித்திரிய அம்மா பச்சைக் கோப்பிக் கொட்டையைச் சின்னச் சட்டியில் வறுத்து, புகை வரும் சட்டியை எங்கள் முகத்துக்கு நேரே கொண்டுவந்து காட்டினார். அது அவர்கள் மரியாதை. ஜன்னலோரம் கூட்டிப்போய், கீழே டிராம், அந்தப் பக்கம் மகன் படித்த பாடசாலை, இந்தப் பக்கம் மருந்து எடுக்கும் இடம் என்று விரலால் காட்டினார். எனக்கு எங்கள் லயம்தான் ஞாபகம் வந்தது. யார் வீட்டுக்கு யார் வருகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்த இடம்.

அந்தக் கட்டடங்களில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. லிஃப்ட் பழுதாகும், வெயில் காலத்தில் உள்ளே புழுங்கும், பராமரிப்பைப் பல வருஷம் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள். கவனிக்காமல் விட்டவர்களே வந்து, பழுதாகிவிட்டது, இடிக்கிறோம் என்கிறார்கள். 2020 ஜூலையில் கொரோனா காலத்தில் இப்படிப்பட்ட ஒன்பது உயர்ந்த கட்டடங்களில் இருந்த சுமார் 3,000 பேரை ஒரே மாலையில் பொலிஸ் நிறுத்தி உள்ளே அடைத்தார்கள். அந்த அடைப்பு மனித உரிமைக்கு மாறாக நடந்தது என்று, முறைப்பாடுகளை விசாரிக்கும் மாநில ஒம்புட்ஸ்மனே சொன்னார். இடிக்கும் முடிவும் அதே மாதிரிதான் வந்தது. குடியிருப்பவர்களைக் கேட்கவில்லை. வழக்குப் போட்டார்கள், 2025 ஏப்ரலில் மாநில நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இடிக்காமலும் செய்யலாம், தம்பி. பிரான்சில் போர்தோ நகரத்தில் 1960களில் கட்டிய 530 வீடுகளை அப்படித்தான் திருத்தினார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் வெளிப்பக்கமாகக் கண்ணாடி அடைத்த ஒரு பகுதியும் பல்கனியும் சேர்த்து, லிஃப்டைப் புதிதாக்கி, வேலை முடியும் வரை ஆட்களை வீட்டிலேயே இருக்கவிட்டார்கள். 2019இல் அதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டடக்கலை விருது கிடைத்தது. லண்டனில் ஹேகேட் என்ற குடியிருப்பில் நேர்மாறாக நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நகரசபை வீடுகளை இடித்தார்கள். அதே இடத்தில் எழுந்த இரண்டாயிரத்துச் சொச்சம் வீடுகளில் பழைய மாதிரிக் குறைந்த வாடகைக்குக் கிடைத்தது மிகச் சொற்பம்.

தனியார்மயம் எப்படி இருக்கும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1970களில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தது. பிறகு 53 வருஷக் குத்தகை. மண் அரசாங்கத்துடையது, தேயிலை கம்பனியுடையது. நாம் இருக்கும் காம்பரா யாருடையது? கூரை ஒழுகுகிறது என்று கந்தோருக்குப் போனால் அது எங்கள் பொறுப்பு இல்லை என்பார்கள். முன்பு பிரதேச சபைக்குப் போனால் தோட்டத்துக்குள் காசு செலவழிக்கச் சட்டம் இடம் தராது என்றார்கள். அந்தச் சட்டத்தைத் திருத்தவே 2018 வரை ஆனது. மெல்பேர்னிலும் வேறு சில அரசாங்கக் குடியிருப்புக் காணிகளைக் கட்டுநர் கூட்டுகளுக்கு 40 வருஷக் குத்தகைக்குக் கொடுத்திருக்கிறார்கள். குத்தகை முடிந்ததும் காணி திரும்பி வரும் என்கிறார்கள். நாற்பது வருஷம் என்றால் நம் தோட்டத்தில் ஒரு ஆள் பேர் பதிந்து, கொழுந்தெடுத்து, பென்ஷன் இல்லாமல் வீட்டுக்குப் போகிற காலம்.

கொழும்பையும் பார். அங்கே ஏழைகள் நெருங்கி வாழும் இடத்தையும் நாம் தோட்டம் என்றுதான் சொல்கிறோம். நம் பிள்ளைகள் எத்தனை பேர் கடைக்கும் வீட்டு வேலைக்கும் போய் அங்கே தங்கிவிட்டார்கள். 2010இல் கொம்பனித்தெருவில் வீடுகளை இடித்தபோது நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்தது. அதன் பிறகு பல தோட்டங்களில் இருந்தவர்களை உயர்ந்த மாடிகளில் கொண்டுபோய் வைத்தார்கள். அவர்கள் விட்டுவந்த மண்ணின் விலை என்ன, ஏறிப்போன வீட்டின் விலை என்ன என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் நெஞ்சு கொதிக்கும்.

சரி, உன் கையெழுத்துக்கு வருகிறேன். இப்போது போடாதே. அந்தக் கடிதாசியில் சில விஷயம் எழுத்தில் வர வேண்டும். வீட்டுக்கு உறுதிப் பத்திரம் கொடுப்பார்களா, யார் பெயரில்? மனைவி பெயரும் அதில் வருமா? லயம் நிற்கும் நிலமும் மிச்சக் காணியும் யார் கைக்குப் போகிறது, எத்தனை வருஷத்துக்கு? இது எழுதாமல் இருந்தால் மற்றதெல்லாம் எழுதியும் பயனில்லை. நான்கு மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்குக் கரண்ட் பில் யார் கட்டுவது? ஒரு நாள் பேரை, அதாவது அன்றன்றைய நாள் சம்பளத்தை, நம்பி வாழும் வீட்டில் மாசா மாசம் பராமரிப்புக் காசு எங்கிருந்து வரும்? உங்கள் லயத்தில் மாடு வைத்திருப்பவர்கள், மரக்கறிப் பாத்தி போட்டவர்கள் இருப்பார்கள். அது அவர்களுக்குப் பாதிச் சம்பளம். மாடிக்கு ஏறினால் அதை இழக்கிறார்கள். தனி வீடும் ஏழு பேர்ச்சும் என்று இவ்வளவு காலம் கேட்டுவிட்டு, அதை விட்டுக்கொடுக்கும் தாளில் நாமே கையெழுத்து வைப்பதா? மலை சரியும் அபாயம் என்று சொல்லி எழுப்பினால் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கு. அறிக்கை உண்மை என்றால் ஒரு நாளும் தாமதிக்காமல் எழும்ப வேண்டும். ஆனால் அப்போது மிச்சக் காணியில் வெளியார் எப்படிக் கட்டப்போகிறார்கள் என்றும் கேள்.

தனியாகப் போய்க் கேட்காதே. மூன்று லயத்திலும் வீட்டுக்கு ஒருவராக, முக்கியமாகக் கொழுந்துக்குப் போகும் பெண்கள், கோயிலடியில் கூடுங்கள். கடிதாசி சிங்களத்தில் மட்டும் இருந்தால் தமிழில் கேட்பது உங்கள் உரிமை. ஒரு பிரதியை எனக்கு அனுப்பு, வாசித்துச் சொல்கிறேன். வீட்டில் தகரம், சீமெந்து, கதவு வாங்கிய ரசீது ஏதாவது இருந்தால் இன்றைக்கே போட்டோ எடுத்து வை. அப்பாவிடமும் கேட்டுப் பார், அவர் எங்கேயாவது செருகி வைத்திருப்பார்.

அன்புடன்,
டீச்சர்