ஐஸ்பெட்டியில் அரிசி

வணக்கம் ஐயா,

தமிழ்நாட்டில் கூடங்குளம் அணு உலையை எதிர்த்துப் போராடிய இடிந்தகரைப் பெண்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் கிள்ளானில் மின் பொறியாளர். பணக்கார நாடுகள் அணுமின்சாரத்தில் வளர்ந்த பிறகு ஏழை நாடுகளை மட்டும் வேண்டாம் என்பது நியாயமா? வங்காளதேசத்தின் ரூப்பூர் உலைக்கு ரஷ்யா கடன் தருகிறது, எரிபொருள் தருகிறது, கழிவையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? நிலக்கரிப் புகையில் சாகிறவர்களை யார் எண்ணுகிறார்கள்? கூடங்குளத்தில் போராடியவர்களுக்கு வெளிநாட்டுப் பணம் வந்தது என்று அப்போதே சொன்னார்கள். அந்த மீனவர்களுக்கு அணு உலையைப் பற்றி என்ன தெரியும்? 13ஆவது மலேசியத் திட்டத்தில் இங்கேயும் அணுமின்சாரம் பேசப்படுகிறது. எந்த நிபந்தனை இருந்தால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், கிள்ளான்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று அம்மாவின் தகரப்பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தேன். அவர் போய் ஓராண்டு ஆகிறது. சேலைகளுக்கு அடியில் ஒரு 555 புத்தகம் இருந்தது. உள்ளங்கை அளவு, ஓரமெல்லாம் மண்ணெண்ணெய்க் கறை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. கடைக் கடன் எழுதும் புத்தகம். அதை மடியில் வைத்துக்கொண்டுதான் உங்கள் கடிதத்தைப் படித்தேன்.

நிலக்கரியை முதலில் விட்டுவிடலாம். அதற்கு நான் வக்கீல் இல்லை. என் வீட்டு விளக்கும் அதில்தான் எரிகிறது என்பதும் எனக்குத் தெரியும். பணக்கார நாடுகளின் நியாயத்தையும் அவர்களிடமே கேளுங்கள்.

வெளிநாட்டுப் பணம் என்றீர்கள். 2012இல் பிரதமர் மன்மோகன் சிங்கே அப்படிச் சொன்னார். சரி, உலை எந்த ஊர்ப் பணம்? 1988இல் ராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் போட்ட ஒப்பந்தம் அது. ரஷ்யக் கடன், ரஷ்ய உலை, ரஷ்ய எரிபொருள். லூர்து மாதா கோயில் பந்தலில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டே போராடிய பெண்களிடம் கணக்குக் கேட்கிறீர்கள். தலைக்கு 1000 மெகாவாட் என்று இரண்டு உலைகளைக் கடனுக்கு வாங்கியவர்களிடம் கேட்கத் தோன்றவில்லையே.

கழிவைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்பதும் அப்படித்தான். 1988 ஒப்பந்தத்தில் கூடங்குளத்துக்கும் அதையே எழுதியிருந்தார்கள். 1998இல் துணை ஒப்பந்தம் வந்தபோது எரிந்த எரிபொருள் இந்தியாவிலேயே இருக்கும் என்று மாறிவிட்டது. இடிந்தகரையில் யாரையாவது கேட்டா மாற்றினார்கள்?

உங்கள் கடிதத்தில் என்னைச் சுட்டது இன்னொரு வரி. 'அந்த மீனவர்களுக்கு என்ன தெரியும்?'

தம்பி, இந்தக் கேள்வியை நான் முதலில் கேட்டது பத்து வயதில். 1976. சுங்கை சிப்புட்டிலிருந்து செம்மண் சாலையில் உள்ளே போனால் எங்கள் தோட்டம். தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்துக்கு மாலை ஆறு மணிக்கு ஜெனரேட்டர் போடுவார்கள், பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். ஒரு சம்பள நாளில் டவுனிலிருந்து லாரி வந்தது. அதில் நான்கு ஐஸ்பெட்டிகள் (ஃபிரிட்ஜ்), வெள்ளை வெளேர் என்று. கடைக்காரர் அம்மாவிடம், 'மாதம் பதினெட்டு வெள்ளிதான், மூன்று வருஷம், நானே கணக்கில் ஏத்திக்கிறேன்' என்றார். பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது. அம்மா கட்டைவிரலை மையில் தொட்டு வைத்தார்.

பக்கத்து வீட்டில் ஒரு அக்கா இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது, விடிகாலையில் பாலுக்கு ரப்பர் மரம் வெட்டப் போகிறவர். லாரியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, 'பத்து மணிக்கு மேல இது என்னா செய்யும்?' என்று கேட்டார். அங்கே நின்றிருந்த தோட்டத்துக் கணக்கர், கிராணி, சிரித்தார். 'உனக்கு என்னா தெரியும், போ' என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரித்தார், நானும் சிரித்தேன்.

ஐந்தே நாளில் மீன் நாறியது. அப்புறம் அதில் அரிசி வைத்தோம். எலி வராது. கீழ்த்தட்டில் என் பள்ளிப் புத்தகங்கள். இன்றைக்கும் ஐஸ்பெட்டியைத் திறந்தால் எனக்கு அரிசி வாசம்தான் வரும். விற்றவரிடம் கமிஷன் வாங்கியவர் கடைக்காரர். கடன் கொடுத்தவர் அவர். அரிசி பருப்பு விற்பவரும் அவர். சம்பள நாளில் ஆபீஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தவணையைப் பிடித்துக்கொண்டவரும் அவரே. அந்தப் பெட்டி குளிர்ந்ததா இல்லையா என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

அதே 1976இல்தான் பிலிப்பீன்ஸில் பத்தான் அணுமின் நிலையத்தைக் கட்டத் தொடங்கினார்கள். மார்க்கோஸ் ஆட்சி, அமெரிக்க வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் உலை, அமெரிக்க ஏற்றுமதி வங்கியின் ஆதரவோடு வாங்கிய கடன். 621 மெகாவாட். செலவு 200 கோடி டாலரைத் தாண்டியது. பக்கத்தில் நாத்திப் எரிமலை. 1985இல் பத்தான் மக்கள் கடையடைத்துத் தெருவில் இறங்கினார்கள். மறு ஆண்டு மார்க்கோஸ் ஓடிப்போனார், செர்னோபில் வெடித்தது, புதிய அரசு உலையைத் திறக்கவில்லை. அதிலிருந்து ஒரு வீட்டுக்குக்கூட மின்சாரம் போனதில்லை. கடனை மட்டும் 2007 வரை கட்டினார்கள். உலையைக் கட்ட ஆரம்பித்த ஆண்டில் பிறந்த குழந்தைக்குக் கடன் தீர்ந்தபோது வயது 31.

ஓட்டாமல் விட்டது அவர்கள் தப்பு என்று எழுதுவீர்கள். எரிமலைக்குப் பக்கத்தில் கட்டுகிறார்களே என்று கடன் கொடுத்தவர்கள் ஏன் கேட்கவில்லை? உலை ஓடினாலும் ஓடாவிட்டாலும் அவர்களுக்குத் தவணை வரும், அதனால்தான். ரூப்பூரைப் பார்த்தும் எனக்கு இதே பயம்தான். 1,265 கோடி டாலர் திட்டத்தில் 90 விழுக்காடு ரஷ்யக் கடன். உலை விற்பவர், எரிபொருள் விற்பவர், கடன் கொடுப்பவர் மூவரும் ஒருவரே என்றால் உலையில் குறை கண்டால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? எரிபொருளை நிறுத்திவிடுவாரே என்று வாய் மூடும். தவணை ஏறுமே என்று கை கட்டும். கடைக்காரரிடம் அம்மா ஏன் சண்டை போடவில்லை என்று நான் பல வருஷம் கோபப்பட்டிருக்கிறேன். அடுத்த மாத அரிசி அவரிடம்தானே வாங்க வேண்டும்.

நம் வீட்டுப் பக்கத்திலேயே புக்கிட் மேரா இருக்கிறது. அது மின் நிலையம் இல்லை, அரிய மண் (rare earth) எனும் உலோகங்களைப் பிரித்தெடுத்த ஆலை. ஜப்பானிய நிறுவனத்துக்கு 35 விழுக்காடு பங்கு இருந்தது. கதிரியக்கத் தோரியக் கழிவு வேண்டாம் என்று ஊரார் 1985இல் வழக்குப் போட்டு, 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வென்று, அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் தோற்றார்கள். அப்படியும் 1994இல் ஆலையை மூடினார்கள். கழிவைக் கிளேடாங் மலையில் புதைத்திருக்கிறார்கள். தோரியத்தின் அரை ஆயுள் 1400 கோடி ஆண்டு. ஒரு முறை அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். நானே அழைத்துப் போகிறேன்.

மீனவர்களுக்கு என்ன தெரியும் என்று மட்டும் இனி யாரையும் கேட்காதீர்கள். படித்த பிள்ளை நீங்கள், உங்கள் பாட்டியும் ஏதோ ஒரு லயத்தில் இருந்து வந்தவராகத்தான் இருப்பார். அந்த மக்கள் கழிவு எங்கே போகும் என்று கேட்டார்கள், கடல் சூடாகுமா என்று கேட்டார்கள். பாதுகாப்பு ஆய்வறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது, கொடுக்கச் சொல்லி மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்டது. அணுமின் கழகம் கொடுக்காமல் நீதிமன்றத்துக்குப் போனது. தெரிந்துகொள்ளக் கேட்டவர்களுக்குக் காகிதத்தைக் காட்ட மாட்டேன் என்றவர்களை விட்டுவிட்டு, ஒன்றும் தெரியாது என்று இவர்களைச் சொல்கிறீர்கள். பல்லாயிரம் பேர் மேல் வழக்கு. 2012 செப்டம்பரில் மணப்பாட்டில் ஒரு மீனவரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது.

அம்மாவுக்கும் எழுதத் தெரியாது. ஒவ்வொரு தவணை கட்டியதும் ஐஸ்பெட்டிக் கதவின் உட்புறம் அடுப்புக்கரியால் ஒரு கோடு போடுவார். அரிசி எடுக்கும்போதெல்லாம் நான் எண்ணுவேன். 36 கோடு வந்த மாதம், கடன் தீர்ந்தது என்று கடைக்காரரிடம் போனோம். அவர் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். இப்போது என் மடியில் இருக்கும் இதே புத்தகம். அதில் 31 என்று இருக்கிறது.

மீதி ஐந்து மாதமும் கட்டினோம்.